லாப்ரடார் வலிப்பு: வம்சத்தில் வருகிறதா என்று பார்ப்பது எப்படி?
(பேசுபவர்கள் அவரவர் ஊர்ப்பெயரில்.)

மன்னார்குடி:
ஒரே பெட்டை, 2 ஈத்து, கடுவன் வேறு வேறு. 3 குட்டிகளுக்கு ஒன்றரை வயதுக்கு மேல் வலிப்பு. ரத்தம் எடுத்து மரபணு சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடுமா?

ஒரத்தநாடு:
தெரியாது சார். லகோட்டோ ரொமாக்னோலோ என்ற இத்தாலிய நாயினக் குட்டிகளின் வலிப்புக்கு எல்ஜிஐ2 என்ற ஒற்றை மரபணு 2011-ல் பிடிபட்டது. லாப்ரடாரில் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, அப்படி ஒரு சோதனை கிடையாது.

முதலில், வந்தது வலிப்புதானா என்று பாருங்கள். 5–15 நிமிடம் பந்துக்கு ஓடிய பிறகு பின்னங்கால் துவண்டு விழுந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது என்றால் அது வலிப்பல்ல, டிஎன்எம்1 என்ற மரபணுவின் குறையாக இருக்கலாம். அதற்குத்தான் சோதனை உண்டு. பரம்பரை வலிப்பு பெரும்பாலும் படுத்திருக்கும்போதோ தூக்கத்திலோ வரும். வீடியோ இல்லாமல் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

பிறகு, வேறு நோயால் வராத வலிப்பு என்று சொல்ல 2015-ல் வகுத்த அளவுகோல்: குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் 2 வலிப்பு, முதலாவது 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையில், நரம்புப் பரிசோதனை சுத்தம், ரத்தத்தில் சர்க்கரை, கால்சியம், சோடியம், கல்லீரல், சிறுநீரகம் சரி, சிறுநீரும் சரி.

பாபநாசம்:
நம்ம பக்கம் இன்னொன்று. குறுவைக்கு மருந்தடிக்கும் நாளில் வந்த ஒற்றை வலிப்பைக் கணக்கில் சேர்க்காதீங்க. எச்சில் ஒழுகி, கண்பாப்பா ஊசிமுனையாய்ச் சுருங்கி, கழிச்சலும் இருந்தால் பூச்சிமருந்து விஷம். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாயையும் கணக்கிலிருந்து தள்ளி வையுங்க.

கும்பகோணம்:
வம்சப்படத்தில் கடுவனுக்குச் சதுரம், பெட்டைக்கு வட்டம், வலிப்பு உள்ளதற்குக் கறுப்பு. உறவுக்குள் சேர்த்திருந்தால் இரட்டைக்கோடு. எல்லாரும் நோயுள்ளதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறார்கள், கெடுவது அங்கேதான். கூடப்பிறந்த அத்தனையும் வேண்டும். 2 வயசு நாயை ‘நல்லாத்தான் இருக்கு’ என்று வெள்ளையாக விடக்கூடாது, நாளைக்கே வரலாம். கேள்விக்குறி போட்டு வயசை எழுதுங்கள். ஒப்பிட 7 வயசு தாண்டியும் வலிப்பே வராத நாய்கள் நல்லது.

மரபணு ஆய்வுக்கு ரத்தம் எடுப்பதானால் 3–5 மில்லி, ரத்தத்தை உறையவிடாத ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாயில். குலுக்காமல் 8–10 முறை கவிழ்த்து நிமிர்த்தி, 4 டிகிரியில் வையுங்கள். பச்சை மூடி ஹெபாரின் குழாய் வேண்டாம், மரபணுவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கெடுக்கும். லேபிளில் செல்லப்பெயர் வேண்டாம், மைக்ரோசிப் எண்.

மன்னார்குடி:
ஒரு குட்டிக்குப் பீனோபார்பிடோன் என்ற வலிப்பு மாத்திரை ஓடுகிறது. நிறுத்திவிட்டு ரத்தம் எடுக்கவா?

ஒரத்தநாடு:
வேண்டவே வேண்டாம். திடீரென நிறுத்தினால் விடாமல் இழுக்கும். மரபணுவுக்கு மருந்து தடையில்லை. ஆனால் அந்த மாத்திரையே கல்லீரல் நொதி ஏஎல்பி-யை ஏற்றிவிடும், அதனால் மருந்து தொடங்குமுன் எடுத்த ரிப்போர்ட்டைத் தேடி வாங்குங்கள்.