எம்.எஸ்சி. வைராலஜி ப்ராஜெக்ட்: டெங்கு பிளாக் வால்விட்டுப் பரவுகிறது

கேள்வி: வீரோ செல் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்), 6 குழித் தட்டு, டெங்கு-2 வைரஸ். மேலே 1% சி.எம்.சி. (வைரஸ் நாலாபக்கமும் பரவாமல் தடுக்கும் செல்லுலோஸ் கூழ்). ஐந்தாம் நாள் சாயமிட்டால் பிளாக்குகள் (plaque; வைரஸ் செல்களைக் கொன்ற வெற்றுப் புள்ளிகள்) வட்டமாக இல்லாமல் ஒரே பக்கம் இழுபட்டிருக்கின்றன. சில குழிகளில் செல்லே உரிந்துவிடுகிறது. எங்கே பிழை?

பதில் 1: வால் விழுந்தால் தட்டு நகர்ந்திருக்கிறது. சி.எம்.சி. உறையாது, கெட்டியான கூழ்தான். அதை ஊற்றியபின் இன்குபேட்டரில் தட்டைத் தொடவே கூடாது. தினமும் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஆசையை விடுங்கள். 2% கரைசலை ஆட்டோகிளேவ் செய்து, இருமடங்கு செறிவுள்ள மீடியத்தோடு (செல் வளர்க்கும் சத்துத் திரவம்) சமபங்கு கலந்தீர்களா? சாதா மீடியம் என்றால் சத்து பாதியாகி செல் பட்டினி கிடக்கும்.

பதில் 2: உரிவதற்கு இன்னொரு காரணம், வைரஸ் ஒட்டும் அந்த ஒரு மணி நேரம். குழிக்கு விடும் வைரஸ் திரவம் 200 மைக்ரோலிட்டர்தானே? 15 நிமிடத்துக்கு ஒருமுறை சாய்த்துவிடாவிட்டால் குழியின் நடுப்பகுதி காய்ந்துவிடும். செல்கள் தட்டில் நிலைக்க 10% ஃபார்மலினில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகே கிரிஸ்டல் வயலெட் சாயம்.

கேட்டவர்: சாதா மீடியம்தான் கலந்தேன்! சரி, பிளாக்குகளை எண்ணி வைரஸ் அளவைக் கணக்கிடுவது எப்படி?

பதில் 2: 10,000 மடங்கு நீர்த்ததில் 42 பிளாக் என்றால் 42 × 10,000 ÷ 0.2 (200 மைக்ரோலிட்டர் என்பது 0.2 மில்லி); மில்லிக்கு பிளாக் உண்டாக்கும் வைரஸ் 21 லட்சம். ஐந்தாறு பிளாக் மட்டும் உள்ள குழியை நம்பாதீர்கள்.