டேக் போட்டு முடித்த பிறகும் மனதைவிட்டுப் போகாத சொல்

எச்சம்மிச்சம்

கணினிக்கான கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது பெயரா, வினையா, வேறா என்று அடையாளம் ஒட்டுவதுதான் சொல்வகை டேக். அதைப் போடுகிறவர்களுக்கு முன்கதை தேவையில்லை, நேராக வாக்கியத்துக்கு வருகிறேன். "மரத்தில் இருந்து காய் பறித்தான்." இதில் 'இருந்து'க்கு என்ன போடுவீர்கள்?

நான் வினையெச்சம் போட்டேன், அவன் மரத்தில் இருந்துகொண்டு பறித்தான் என்று. மேற்பார்வையாளர் அதை ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபு (வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சொல்) என்று மாற்றித் திருப்பி அனுப்பினார். "மரத்திலிருந்து பறித்தான், அவ்வளவுதான். இதில் என்ன வினை?" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. பெரும்பாலான இடங்களில் அவர் சொல்வது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் கோப்பில் அடுத்த வாக்கியம் என்ன தெரியுமா? "கிளை முறிந்து அவனும் கீழே விழுந்தான்." மரத்தில் உட்காராதவன் எப்படிய்யா விழுவான்? எடுத்துக் காட்டினேன். "அடுத்த வாக்கியத்தைப் பார்த்து டேக் போடக் கூடாது, விதிமுறையில் இருக்கிறது" என்று பதில் வந்தது. பார்த்தால் உண்மையிலேயே இருக்கிறது. கதையில் அவன் மரத்தின் மேல். கோப்பில் அவன் தரையில் நின்றுகொண்டு பறிக்கிறான். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்குமே, சொல்லுங்கள்.

சிவப்புமை

நான் கணினிப் பக்கம் இல்லை, விடைத்தாள் பக்கம். இலக்கணக் குறிப்பு கேள்வியில் 'பாடும்' என்று ஒற்றைச் சொல். வாக்கியம் கிடையாது, அடிக்கோடு கிடையாது, மொட்டையாகச் சொல் மட்டும். விடைக்குறிப்பில் 'பெயரெச்சம்'.

ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "பாடும் குயில் என்றால் பெயரெச்சம். குயில் பாடும் என்றால் வினைமுற்று. எது என்று கேள்வியில் இல்லை." கடைசி வரியை அடித்துவிட்டு, பிறகு அடித்ததற்கு மேலேயே மறுபடியும் எழுதியிருந்தது. பயந்து அடித்திருக்கும், அப்புறம் மனசு கேட்டிருக்காது.

முழு மதிப்பெண் போட்டேன். பக்கத்தில் திருத்திக்கொண்டிருந்தவர், "விடைக்குறிப்பில் ஒன்றுதானே இருக்கிறது மேடம், இரண்டு விடை எழுதினால் தவறு என்றுதான் கணக்கு" என்றார். செய்யும் என்னும் வாய்பாடு முற்றாகவும் வரும், பெயரெச்சமாகவும் வரும் என்று நாம்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். பலர்பாலிலும் தன்மை முன்னிலையிலும் அந்த முற்று வராது என்பது வரைக்கும் சொல்கிறோம். சொல்லிக்கொடுத்ததை ஒரு பிள்ளை நம்பி எழுதினால் மதிப்பெண் கிடையாதா? மறுபார்வையில் குறைத்தார்களா இல்லையா என்று தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

வரிசைமாறி

முதல் பதிவுக்கு: நண்பா, அடுத்த வாக்கியத்தைப் பார்க்காதே என்பது அதிகாரத் திமிர் இல்லை. அந்தக் கோப்பை வைத்துப் பழகும் நிரல் பெரும்பாலும் வாக்கியம் வாக்கியமாகத்தான் படிக்கும். அதன் கண்ணுக்குத் தெரியாத காரணத்தை வைத்து நீங்கள் டேக் போட்டால், அது பக்கத்திலிருக்கும் வேறு எதையோ காரணமாக எடுத்துக்கொள்ளும். உங்கள் மேற்பார்வையாளர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

என் கதை சின்னது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு சொல்லாக முடிவெடுத்துக்கொண்டே போகும் ஒரு எளிய டேக்கர், அதாவது தானாக டேக் போடும் நிரல், எழுதினேன். அதற்குக் கொடுத்த வாக்கியம்: "மலர் மாடியில் இருந்து இறங்கினாள்." முதல் சொல்லிலேயே 'பொதுப்பெயர்' என்று அடித்துவிட்டது. ஆங்கிலம் மாதிரி நமக்குப் பெரிய எழுத்து கிடையாதே, அது மலரா மலர் என்கிற பெண்ணா என்று தெரியவேண்டுமென்றால் கடைசியில் வரும் 'ஆள்' விகுதி வரை போகவேண்டும். நிரல் அங்கே போய்ச் சேரும்போது முதல் சொல்லில் போட்ட முடிவைத் திருத்த வழியில்லை. திரையில் பூ ஒன்று மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தது. விட்டர்பி முறையில் கடைசிவரை எல்லா வாய்ப்புகளையும் கையில் வைத்திருந்து ஒட்டுமொத்தமாக எது சிறந்த வரிசை என்று பார்ப்பார்கள் என்று படித்தபோது சும்மா சூத்திரமாக இருந்தது. அன்றைக்குத்தான் எதற்கு என்று புரிந்தது. (அதற்கும் அந்த 'ஆள்' விகுதியைத் தனியாக எடுத்துக் காட்டவேண்டும். அது வேறு தலைவலி.)

இன்னொன்று. 97 சதவீதத் துல்லியம் என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள், அது சொல்லுக்குச் சொல் கணக்கு. 20 சொல் உள்ள வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் 97 சதவீதம் சரி என்றால், வாக்கியம் முழுக்கப் பிழையில்லாமல் வருவது 100க்கு 54 தான். மீதி வாக்கியங்களில் எங்காவது ஒரு பூ படி இறங்கிக்கொண்டிருக்கும்.

நால்வகைச்சொல்

மேலே எழுதியவர்கள் எல்லோரும் அடிப்படையை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். என் அனுபவம்: ஒரு கோப்பில் 'நல்ல' என்பதற்கு 'அட்ஜெக்டிவ்' என்று போட்டிருந்தார்கள். அது குறிப்புப் பெயரெச்சம், காலம் காட்டாமல் பெயரைத் தழுவுவது என்று சொன்னேன். பட்டியலில் அப்படி ஒரு டேக் இல்லை என்றார்கள். வெளியே வந்துவிட்டேன்.

தமிழில் பெயர், வினை, இடை, உரி என நான்கே. அவற்றிலும் பெயரும் வினையும்தான் சொல் என்று சொல்லத்தக்கவை, மற்ற இரண்டும் அவற்றை ஒட்டித் தோன்றுபவை என்கிறது தொல்காப்பியம். அப்படியிருக்க, 17 டேக், 36 டேக் என்று கடன் வாங்குவானேன்? புதிதாக வருகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். முதலில் முற்றைத் தேடுங்கள். அது கிடைக்காமல் வேறு எந்தச் சொல்லிலும் கை வைக்காதீர்கள். பிறகு எச்சங்களுக்கு வாருங்கள். ஒவ்வொன்றும் எதற்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள், பெயருக்கா வினைக்கா? 'வந்த' என்றால் வந்த யார் என்று மனம் கேட்கும், 'வந்து' என்றால் வந்து என்ன செய்தான் என்று கேட்கும். காதால் கேட்டாலே விடை கிடைத்துவிடும். 'இருந்து' போன்ற ஐயங்களுக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். 'உட்கார்ந்து' என்று வைத்துப் பொருள் கெடாவிட்டால் வினை. முந்தைய சொல்லோடு சேர்த்து 'மரத்திலிருந்து' என்று எழுதத் தோன்றினால் உருபு. அப்புறம் 'இல்லை', 'வேண்டும்' இரண்டையும் இடைச்சொல் கூடையில் போடுகிற பழக்கத்தை விடுங்கள், அவை வினை. எல்லாவற்றுக்கும் மேல், நன்னூல் சொல்லதிகாரத்தை ஒரு முறையாவது முழுக்கப் படித்துவிட்டுக் கணினியைத் திறங்கள்.

எச்சம்மிச்சம்

ஐயா, உங்கள் சோதனையை வைத்தால் என் வாக்கியத்தில் இரண்டுமே பொருந்துகிறதே!

ஒற்றுப்பிழை

நாங்கள் இரண்டு பேர் ஒரே கோப்புக்குத் தனித்தனியாக டேக் போட்டு, பிறகு ஒப்பிடுவது வழக்கம். ஒரு நாள் ஒப்பிடும்போது எதிரே இருந்தவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். வாக்கியம் இது: "அவள் கையைப் பற்றிப் பேசினான்." என் கோப்பில் 'பற்றி' வினையெச்சம், அவள் கோப்பில் சொல்லுருபு. அதாவது என் கதையில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறான். அவள் கதையில் அவன் அந்தக் கையைக் குறித்து யாரிடமோ அளந்துகொண்டிருக்கிறான். "உனக்கு ஏன்டி புத்தி அப்படிப் போகுது" என்று கேட்டுவிட்டாள். கடைசியில் அந்த வாக்கியத்தையே தொகுப்பிலிருந்து தூக்கிவிட்டோம். எனக்கு அதில் இன்னும் மனத்தாங்கல்தான். அப்படிப்பட்ட வாக்கியம் அல்லவா முதலில் உள்ளே இருக்கவேண்டும்?

நால்வகைச்சொல் ஐயாவுக்கு: நான்கு போதும் என்கிறீர்கள், சரி. 'அவனும்' என்பதில் 'உம்' இடைச்சொல். டேக்கை எங்கே ஒட்டுவது? சொல்லை உடைக்காமல் ஒட்ட முடியாது, அதனால்தான் சில தொகுப்புகளில் 'உம்' மாதிரி ஒட்டுகளைப் பிரித்துத் தனியாக வைக்கிறார்கள். உரிச்சொல்லுக்கு ஒரு டேக் வைத்தால் செய்தி வரிகளில் சால, உறு, தவ, நனி எத்தனை முறை வரும் என்று நினைக்கிறீர்கள்? 17 டேக் பட்டியல் யூனிவர்சல் டிபென்டன்சீஸ் திட்டத்துடையது. பல மொழிகளை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க வந்தது. நன்னூலை ஒழிக்க வந்ததில்லை. பென் ட்ரீபேங்க் என்னும் தொகுப்பின் 36 ஆங்கிலத்துக்காகச் செய்தது, அதை யாரும் உங்கள் தலையில் கட்டவில்லை.

நால்வகைச்சொல்

உரிச்சொல் செய்தியில் வராதது உரிச்சொல்லின் குறை அல்ல, செய்தியின் குறை.

கூடைநிறைய

சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள், என்னுடையதையும் கேளுங்கள். "நன்றாகப் படித்தவர்களைப் பாராட்டினார்."

'படித்தவர்களை' வினையாலணையும் பெயர். காலம் காட்டுகிறது, அதனால் வினை. வேற்றுமை உருபு ஏற்கிறது, அதனால் பெயர். இரண்டு நாற்காலியில் ஒரே ஆள். எங்கள் குழுவில் 'உருபு ஏற்றால் பெயர்' என்று முடிவு செய்தார்கள். நல்லது, முடிந்தது என்று நினைத்தேன். அப்படியானால் முன்னால் நிற்கும் 'நன்றாக' எதைத் தழுவுகிறது? வினையடை பெயரைத் தழுவுமா? பெயர் என்று சொன்ன அதே ஆள் 'நன்றாக'வுக்கு வினையடை போட்டு, அதை அடுத்த வினையோடு, 'பாராட்டினா'ரோடு இணைத்துவிட்டார். இப்போது நன்றாகப் படித்தது போய், நன்றாகப் பாராட்டியது ஆகிவிட்டது! படித்த பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, பாராட்டியவருக்குப் பெருமை.

கடைசியில் குறிப்பேட்டில் ஒரு விதிவிலக்கு எழுதினோம்: டேக் பெயர்தான், ஆனால் அடை ஏற்கும்போது வினையாக நடத்தவும். எழுதிய மை காயவில்லை, 'மிகவும் பெரியவர்களை' என்று வந்து நிற்கிறது. காலம்கூடக் காட்டாத சொல், குறிப்பு வினையாலணையும் பெயர். இதற்கு நீங்கள் யாராவது என்ன போடுகிறீர்கள்? ஐயா தவிர மற்றவர்கள் முதலில் சொல்லுங்கள்.