பதில்: ஃபிரேம் ஜெனரேஷன் – ‘சட்டக உருவாக்கம்’ வேண்டாம், ‘சட்டக இடைச்செருகல்’ வைப்போம்

வணக்கம். கேம் வரைந்த சட்டகங்களுக்கு (ஃபிரேம், திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) நடுவே வரைகலை அட்டை தானே ஊகித்த சட்டகங்களை நுழைப்பதுதான் ஃபிரேம் ஜெனரேஷன். நம் கலைச்சொல் தொகுதியில் அதற்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ஃபிரேம் ஜெனரேஷனுக்குச் சட்டக உருவாக்கம் என்றே போடலாமே. படித்தவுடன் புரிகிறது, எதற்கு வளர்த்த வேண்டும்?

ஐயா, படித்தவுடன் தவறாகப் புரிகிறது, அதனால்தான் வளர்த்துகிறேன். வரைகலை அட்டையின் அடிப்படை வேலையே சட்டகங்களை உருவாக்குவதுதான், முதல் அட்டையிலிருந்து இன்றைய அட்டை வரை. அதே சொல்லை இந்தப் புதிய வசதிக்கும் கொடுத்தால் கேம் உண்மையில் கணக்கிட்டு வரைந்த சட்டகம் எது, அட்டை ஊகித்து நடுவில் நுழைத்தது எது என்று வாசகருக்குத் தெரியாமல் போகும். அந்த வேறுபாட்டில்தான் இப்போது அட்டைகளின் விலைக் கணக்கு முழுவதும் நிற்கிறது.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சியில் வரைகலை அட்டை நிறுவனமான என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் என்ன சொன்னார் என்று நினைவிருக்கும். ஆர்டிஎக்ஸ் 5070 அட்டை 549 டாலருக்கு 4090-இன் திறனைத் தரும் என்றார். 4090 என்பது 2022-இல் 1,599 டாலருக்கு வந்த அட்டை, 24 ஜிபி நினைவகம் கொண்டது. 5070-இல் இருப்பது 12 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அதே திறன் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்தக் கணக்கு டிஎல்எஸ்எஸ் 4-ஐ, அதாவது இந்த நுழைப்பு வசதி அடங்கிய என்விடியாவின் தொழில்நுட்பத்தை, சேர்த்துப் போட்டது. 40 வரிசை அட்டைகள் கேம் வரைந்த ஒரு சட்டகத்துக்கு ஒன்றை நுழைக்கும், 50 வரிசை மூன்று வரை நுழைக்கும். இரண்டையும் ஒரே பெயரில் எண்ணி ஒப்பிட்டால் புதியது வெல்லத்தானே செய்யும். நுழைப்பை அணைத்துவிட்டு அளந்தவர்களுக்கு 5070 கிடைத்த இடம் முந்தைய 40 வரிசையின் நடுத்தர அட்டையான 4070 சூப்பருக்குப் பக்கத்தில்தான், 4090-க்கு வெகு கீழே. 4070 சூப்பரின் விலை 2024 தொடக்கத்தில் 599 டாலர். அதாவது ஓராண்டு கழித்து 50 டாலர் குறைவாகக் கிட்டத்தட்ட அதே வேகம். அது மோசமில்லை, ஆனால் மேடையில் சொன்னது அது அல்ல.

மக்கள் அதை நம்பியதில் தப்பும் இல்லை. 2020-இல் 499 டாலருக்கு வந்த 3070, அதற்கு முந்தைய தலைமுறையின் உச்சியில் இருந்த 2080 டிஐ-யை ஏறத்தாழ எட்டிப் பிடித்தது, இந்த நுழைப்பு எதுவும் இல்லாமலே. அடுத்த தலைமுறையின் நடுத்தர அட்டை இன்றைய உச்ச அட்டைக்குச் சமம் என்ற எதிர்பார்ப்பு அப்படி நிஜ அனுபவத்திலிருந்து வந்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு சட்டக இடைச்செருகல். நுழைக்கப்படும் ஒவ்வொன்றும் செருகு சட்டகம், கேம் வரைவது மூலச் சட்டகம்.

பழைய நூல்களைப் பதிப்பிப்பவர்கள் மூலத்தில் இல்லாமல் பின்னால் வந்து சேர்ந்த பாடல்களை இடைச்செருகல் என்கிறார்கள், எல்லோருக்கும் தெரிந்த சொல். கணிதப் பாடநூல்களிலும் தெரிந்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே தெரியாததைக் கணிக்கும் முறைக்கு இதே சொல்தான். இங்கே நடப்பதும் அப்படியே அதுதான்: மூலச் சட்டகம் இரண்டை வைத்துக்கொண்டு, பொருள்கள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, நடுவில் இருப்பதைக் கணிக்கிறார்கள். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையிலான தாமதம் ஏன் குறைவதில்லை என்பதையும் இந்தச் சொல்லே விளக்கிவிடும். நடுவில் செருக வேண்டுமென்றால் அடுத்த மூலச் சட்டகம் முதலில் தயாராக வேண்டும், அது தயாரானதும் திரைக்குப் போகாமல் செருகல்கள் போய் முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் மூலம் நொடிக்கு 30 என்றால் திரையில் 120 என்று எண் ஓடினாலும் கை 30-க்கு உரிய மந்தத்தைத்தான் உணரும், உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. மூலமே 60, 70 இருக்கும்போது செருகினால் நன்றாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அதிவேகத் திரை வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல வசதி.

> இடைச்செருகல் என்றால் கள்ளத்தனம் என்ற தொனி வருகிறது. கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டாமா?

பதிப்புத் துறையில் அந்தத் தொனி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கு வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டு எந்த மாணவரும் கள்ளத்தனம் என்று நினைப்பதில்லை. நடுநிலை என்பது நடப்பதை நடப்பதுபோல் சொல்வது, நிறுவனம் வைத்த பெயருக்குச் சேதம் வராமல் காப்பது நம் வேலை இல்லை. இது என்விடியாவுக்கு எதிரான சொல்லும் அல்ல. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 வசதி சட்டகங்களை நுழைப்பதும் இடைச்செருகல்தான், அங்கேயும் இதையே எழுதுவோம்.

‘இடைச்சட்டகம்’ என்று சுருக்கலாம் என்ற யோசனையும் வந்திருந்தது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காணொளிச் சுருக்கத்தில் முன்பின் சட்டகங்களைச் சார்ந்து பதியப்படும் சட்டகங்களுக்கு அந்தச் சொல் தேவைப்படும். அதை அங்கே விட்டுவிடுவோம்.

இன்னொன்று, அப்ஸ்கேலிங்கை இதோடு சேர்க்க வேண்டாம். குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கும்போது மூலச் சட்டகமே சீக்கிரம் தயாராகிறது, கைக்கு வேகம் தெரிகிறது. அதற்கு ‘அளவேற்றம்’ சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், தனி இழையில் பேசலாம்.

அப்புறம் எம்எஸ்ஆர்பி, அதாவது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை. இதை ‘சில்லறை விலை’ என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. நம் ஊர் வாசகர் அதைப் பெட்டி மேல் அச்சடித்த எம்ஆர்பி என்றே எடுத்துக்கொள்வார். எம்ஆர்பி எல்லா வரியும் உள்ளடங்கிய, சட்டப்படி அதற்கு மேல் விற்கக் கூடாத விலை. 549 டாலர் என்பது வரி சேராத, கடைக்காரரைக் கட்டுப்படுத்தாத ஒரு பரிந்துரை. 5070-க்கு இந்தியாவில் அறிவித்தது 59,000 ரூபாய், இதில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி அடக்கம். டாலரை ரூபாயாக மாற்றி மட்டும் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. 5090-க்கு 1,999 டாலர் என்று அறிவித்தும், கடைகளில் பல மாதம் அந்த விலைக்குக் கிடைக்கவே இல்லை. ஆகவே ‘அறிவிப்பு விலை’, கடையில் உண்மையில் கொடுப்பது ‘கடை விலை’. இரண்டும் ஏற்கெனவே பேச்சில் இருப்பவைதான்.

சொற்தொகுதியில் இப்படிப் பதியலாமா என்று பாருங்கள்: “மூலம் நொடிக்கு 40, செருகலோடு 120, அறிவிப்பு விலை 59,000 ரூபாய்.” அடுத்த வரிசை அட்டைகள் வரும்போது மதிப்புரை எழுதும் நண்பர்கள் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்தால், ஒரு மூலச் சட்டகத்துக்கு எவ்வளவு ரூபாய் ஆகிறது என்று வாங்குகிறவர் தாமே வகுத்துக்கொள்வார். ‘மூலச் சட்டகம்’ என்பதற்கு மாற்று இருந்தால் சொல்லுங்கள், அதில் நான் பிடிவாதமாக இல்லை. ‘உருவாக்கம்’ மட்டும் வேண்டாம்.