ஆக்சிமீட்டர் 97 காட்டியும் அப்பாவுக்கு ஏன் தலைவலியும் மயக்கமும்?

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 71 வயது. நெடுங்காலம் பீடி புகைத்ததால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (மருத்துவர்கள் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதுவது) வந்து, சென்ற மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை நிமிடத்துக்கு 1 லிட்டர் அளவில் வைக்கும்படியும், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு வரும் உறவினர்கள் 89 என்ற எண்ணைப் பார்த்ததும் பதறுகிறார்கள். கொரோனா காலத்தில் 94-க்குக் கீழே இறங்கினாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

போன வாரம் ஓர் இரவு, சித்தப்பா 3 லிட்டராகக் கூட்டி வைத்தார். அளவு 97-க்கு ஏறியது. எல்லோரும் நிம்மதியாகப் படுத்தோம். காலையில் அப்பா தலை வலிக்கிறது என்றார். எழுப்பி உட்கார வைத்தாலும் பேச்சின் நடுவிலேயே கண் அயர்ந்தார். காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை உதறியது. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு, பழையபடி 1 லிட்டருக்குக் குறைத்து, அன்றே அழைத்துச் சென்றோம். மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தி இரத்த வாயுப் பரிசோதனை செய்ததில் கார்பன் டை ஆக்சைடு 58 மி.மீ. பாதரசம் என்று வந்தது. அந்த ஊசியின் வலியை அப்பாவால் தாங்க முடியவில்லை.

ஆக்சிஜன் நிறைவாக இருந்தும் இப்படி ஏன் ஆயிற்று? ஊசி குத்தாமல் இதை முன்கூட்டியே காட்டக்கூடிய கருவி வீட்டில் வைத்துக்கொள்ளும்படி உண்டா?

அறுவை அரங்கம் (பதில்):

மயக்க மருந்துப் பிரிவில் தொழில்நுட்பராகப் பணியாற்றுகிறேன். தலைவலி, தூக்கக் கலக்கம், கை உதறல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது கார்பன் டை ஆக்சைடு தேங்குவதன் அடையாளம் என்றே கொள்ளுங்கள். மறுபடி நேர்ந்தால், ஆக்சிஜனை முழுவதும் நிறுத்திவிடாமல், சீட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மூச்சு செய்யும் வேலைகள் இரண்டு: ஆக்சிஜனை உள்ளே சேர்ப்பது, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவது. பல்ஸ் ஆக்சிமீட்டர் இவற்றில் முதலாவதன் விளைவை மட்டுமே காட்டுகிறது. குழாய் வழியாக ஆக்சிஜன் பெறுபவருக்கு, மூச்சு மேலோட்டமாகிக் கழிவுக் காற்று வெளியேறாமல் நின்றாலும், விரலில் உள்ள எண் நெடுநேரம் அழகாகவே இருக்கும். அறுவை முடிந்து வலி மருந்தின் மயக்கத்தில் இருக்கும் நோயாளிகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். அதனால்தான் மயக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆக்சிமீட்டரோடு, வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபையும் இணைக்கிறோம். கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரோமீட்டர் அளவிலான அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். வெளிவிடும் மூச்சின் ஒரு சிறு பகுதியை மெல்லிய குழாயால் இழுத்து, அக்கதிரில் எவ்வளவு குறைகிறது என்று அளந்து, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் உள்ள அளவைக் கருவி திரையில் வரைகிறது. நலமாக உள்ளவருக்கு அது 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். மூச்சு நின்றால், ஆக்சிமீட்டர் இறங்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே, அடுத்த மூச்சு வர வேண்டிய இடத்திலேயே அந்தக் கோடு படுத்துவிடும்.

ஆனால் உங்கள் தந்தைக்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். சி.ஓ.பி.டி. உள்ளவர்களின் நுரையீரலில் காற்று சென்றும் இரத்தம் சரியாகச் சேராத பகுதிகள் நிறைய இருப்பதால், மூச்சில் அளந்த அளவு இரத்தத்தில் உள்ளதைவிடக் கணிசமாகக் குறைவாகவே வரும். அலையின் வடிவமும் மேடை போல நில்லாமல் சுறாவின் துடுப்பாகச் சரிந்திருக்கும். வீட்டில் அதைப் படிப்பது கடினம். 42 என்று பார்த்து ஆறுதல் அடைந்துவிடும் அபாயமும் உண்டு.

ஆக்சிஜன் கூடியதால் ஏன் இது நேர்ந்தது என்பதற்கு, மூச்சைத் தூண்டும் உந்துதல் குறைந்துவிடுகிறது என்ற விளக்கத்தைப் பலரும் சொல்வார்கள். அது ஒரு பங்கு மட்டுமே. காற்று சரியாகப் போகாத பகுதிகளில் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்து, நல்ல பகுதிகளுக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுவது நுரையீரலின் இயல்பு. மிகுதியான ஆக்சிஜன் அந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிடுவதால், இரத்தம் கெட்ட பகுதிகள் வழியாகப் போய்க் கழிவை இறக்காமலே திரும்புகிறது. ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினால் கார்பன் டை ஆக்சைடை முன்போலச் சுமக்கவும் முடிவதில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், 88 முதல் 92-க்குள் நிறுத்திய பிரிவில் 4 விழுக்காட்டினரும், வரையறையின்றி உயர் ஆக்சிஜன் கொடுத்த பிரிவில் 9 விழுக்காட்டினரும் இறந்தார்கள். உறவினர்களுக்கு இந்த ஒன்றை எடுத்துச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

அளவுமானி (பதில்):

மருத்துவக் கருவிப் பொறியாளன் என்ற முறையில், மேலே உள்ள பதிலோடு அந்த எண்ணைப் பற்றியும் கொஞ்சம் சேர்க்க விரும்புகிறேன். பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படைக் கொள்கையை ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய தக்குவோ அவோயாகி 1974-இல் வெளியிட்டார். அவர் முதலில் அளக்க முயன்றது இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவை. அதற்காகக் காது மடலில் ஒளி பாய்ச்சியபோது, நாடித் துடிப்பு குறுக்கிட்டு அளவீட்டைக் கெடுத்தது. அந்தத் துடிப்பை நீக்கும் முயற்சியில், துடிக்கும் பகுதி தமனி இரத்தத்தை மட்டுமே குறிக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். இன்றும் நம் விரலில் 660 நானோமீட்டர் சிவப்பொளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பும் மாறி மாறிப் பாய்கின்றன. இரண்டிலும் துடிக்கும் பகுதியின் விகிதத்தைக் கணக்கிட்டு, நலமான தன்னார்வலர்களிடம் அளந்து வைத்த அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் கருவி எண்ணைச் சொல்கிறது. தன்னார்வலர்களின் ஆக்சிஜனை 70-க்குக் கீழே இறக்குவது ஆபத்து என்பதால், அந்த எல்லைக்குக் கீழே எந்தக் கருவியின் எண்ணையும் நம்ப முடியாது.

பீடி, சிகரெட் புகைப்பவர்களின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் இருக்கும். இரண்டு ஒளியை மட்டும் கொண்ட கருவி அதையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணிக்கொள்ளும். ஆகவே தந்தை இன்னும் புகைக்கிறார் என்றால், காட்டும் அளவு உண்மையைவிடக் கூடுதல். இரத்தசோகை இருந்தால், இருக்கும் சிவப்பணுக்கள் நிறைந்திருப்பதால் 98 என்று வரும். உடலுக்குப் போய்ச் சேரும் மொத்த ஆக்சிஜனோ குறைவாக இருக்கும்.

நம்மைப் போன்ற கருநிறத் தோல் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் இரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடுதான். இதை ஆக்சிஜனைக் கூட்டுவதற்கான காரணமாகக் கொள்ள வேண்டாம். அடுத்த முறை இரத்த வாயுப் பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் வீட்டுக் கருவியையும் எடுத்துச் சென்று, ஊசி குத்தும் நேரத்தில் அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, முடிவோடு ஒப்பிடுங்கள். உங்கள் தந்தையின் விரலில் அந்தக் கருவி எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சொல்கிறது என்பது தெரிந்துவிடும்.

மூச்சை எண்ணும் கருவிகளைப் பொறுத்தவரை, மருத்துவமனை மானிட்டர்கள் இ.சி.ஜி. பட்டைகள் வழியாகவே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, மார்பு விரிந்து சுருங்கும்போது மாறும் மின்தடையைக் கொண்டு எண்ணுகின்றன. தொண்டை அடைத்துக் காற்றே போகாத நிலையிலும் மார்பு அசையுமாதலால், அதையும் மூச்சு என்றே இவை கணக்கில் சேர்க்கும். மெத்தைக்கு அடியில் வைக்கும் உணரிகளுக்கும் இதே குறை உண்டு.

காவிரிக்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பா இப்போது புகைப்பதில்லை. இரவில் பலமாகக் குறட்டை விடுகிறார். இடையிடையே சத்தம் நின்று, பிறகு திணறி மூச்சு வாங்குகிறார். இதை எப்படிக் கண்காணிப்பது?

இரவுப்பணி (பதில்):

நுரையீரல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் கடைசியாக எழுதியதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். குறட்டை நின்று திணறுவது உறக்கத்தில் மூச்சுத்தடை ஏற்படுவதைக் குறிக்கலாம், சி.ஓ.பி.டி.யுடன் அதுவும் சேர்ந்தால் இரவில்தான் கழிவுக் காற்று அதிகம் தேங்கும். இரவு முழுவதும் அளவைப் பதிவு செய்யும் ஆக்சிமீட்டரையோ உறக்கப் பரிசோதனையையோ அவர் பரிந்துரைக்கக்கூடும். ஊசியின்றிக் கார்பன் டை ஆக்சைடை அளக்க, தோலைச் சற்றே சூடாக்கி அதன் வழியே கசியும் வாயுவை அளக்கும் உணரியும் இருக்கிறது. பச்சிளங்குழந்தைகள் பிரிவிலும் சில உறக்கப் பரிசோதனைக் கூடங்களிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள், வீட்டுக்கு உகந்ததல்ல. 58 என்ற அளவு சில வாரங்களுக்குப் பிறகும் நீடித்தால், இரவில் பைபேப் (முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் கருவி) தேவைப்படுமா என்று கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது, மூச்சை நீங்களே எண்ணுவது. அவர் தூங்கும்போதோ, கவனிக்கிறீர்கள் என்று அறியாதபோதோ, மார்பு எழுவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், ஒழுங்கற்ற மூச்சில் அது தவறிவிடும். வழக்கமான எண்ணிக்கையைவிடக் கூடினாலும் கவனியுங்கள், மயக்கத்தோடு சேர்ந்து குறைந்தால் இன்னும் அவசரம். ஆக்சிமீட்டரை மாட்டுவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்கி, துடிப்பு அலை சீராக வந்த பிறகு படியுங்கள். காலையில் எழுந்ததும் தலைவலி உண்டா, கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னாரா என்பதையும் எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மருத்துவர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். கான்சன்ட்ரேட்டரின் திருகுக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டி, "1 லிட்டர், மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிடுங்கள். எங்கள் வார்டிலும் அப்படித்தான் செய்கிறோம்.