பழைய .315 ரைபிளுக்கு மாற்று டிரிக்கர் எது வாங்கலாம்? மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி இழுக்கிறது

குடவாசல்காரன்

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா வாங்கிய இஷாப்பூர் .315 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வீட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு வேட்டைத் துப்பாக்கி என்றுதான் பெயர். இப்போது லைசென்ஸ் என் பெயரில். வேட்டை கீட்டை எதுவும் கிடையாது, அனுமதி உள்ள ரேஞ்சில் காகிதத்தைச் சுடுவதோடு சரி.

பிரச்சினை டிரிக்கர்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எடுத்தால் டிரிக்கர் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே வருகிறது. எங்கே விடும் என்றே தெரியவில்லை. சித்திரை வெயிலில் எடுத்தால் நேர் எதிர்: முதல் தொய்வே இல்லை, விரல் வைத்ததும் உடைகிற மாதிரி நிற்கிறது. போன கோடையில் காலித் துப்பாக்கியில் போல்ட்டை வேகமாக மூடியபோது சில நேரம் காக் ஆகாமல் (சுடத் தயாராகப் பின்னால் நிற்காமல்) போல்ட்டின் பின்னால் இருக்கும் காக்கிங் பீஸ் கூடவே முன்னால் போய்விட்டது.

2018 கஜாவில் ஓடு பறந்து அலமாரி முழுக்க நனைந்தது. ரைபிளின் மரக் கட்டையும் ஊறிப்போனது. காய்ந்த பிறகு இரும்போடு சரியாக உட்காரவில்லை என்று அப்பா கட்டையை மட்டும் கழற்றி ஆசாரியிடம் கொடுத்து உள்பக்கம் இழைத்து வாங்கினார். டிரிக்கர் தொல்லை அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன், அதற்கு முன்னால் நான் சுட்டதில்லை.

வெளிநாட்டுக் கடை ஒன்றின் பட்டியலில் 'என்ஃபீல்டு' ரைபிளுக்கு டிம்னி கம்பெனி டிரிக்கர் என்று போட்டிருக்கிறது. திருகாணியால் இழுக்கும் எடையைக் கூட்டிக் குறைக்கலாமாம். அது இதற்குப் பொருந்துமா? ஒற்றைக் கட்டமா (ஒரே இழுப்பில் விடுவது), இரட்டைக் கட்டமா (நடுவில் ஒரு தடை தெரிந்து பிறகு விடுவது), எத்தனை பவுண்டில் வைப்பது? சொல்லுங்கள்.

கீவளூர் மாப்பிள்ளை

அண்ணே, டிரிக்கர் மாற்றுவது பெரிய வேலையே இல்லை. என் மச்சான் நியூசிலாந்தில் பண்ணையில் இருக்கிறான், அங்கே மான் வேட்டைக்குச் சட்டப்படி போகலாம். அவனுடையது ரெமிங்டன் 700. கட்டையைக் கழற்றி, இரண்டு பின்னைத் தட்டி எடுத்தால் பழைய டிரிக்கர் பெட்டியோடு கையில் வந்துவிடும். புதுசை வைத்து அதே இரண்டு பின்னை அடித்தால் முடிந்தது. டிம்னி, டிரிக்கர்டெக் இரண்டுமே நல்ல பெயர். ஒற்றைக் கட்டம், ஒன்றரை பவுண்டில் வையுங்கள். வெண்ணெய் மாதிரி இருக்கும்.

கோர்ட்டு வாசல்

ஆர்டர் போடும் முன்னால் சட்டத்தைப் பாருங்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் வரும். டிரிக்கரைக் கூரியரில் வரவழைப்பதை கைக்கடிகாரம் வரவழைப்பது போல நினைக்காதீர்கள். இறக்குமதிக்குத் தனி அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் கஸ்டம்ஸில் நிற்கும், கேள்வி உங்கள் வீட்டுக்கு வரும். பழுது பார்ப்பதற்கும் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவில் லைசென்ஸ் கேட்கிறார்கள். அதனால் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் போங்கள், உங்கள் லைசென்ஸ் புத்தகத்தோடு. ரசீது வாங்கி வையுங்கள்.

ஆசாரியிடம் கொடுத்தது வெறும் மரம் என்பதால் தப்பித்தீர்கள்.

பழைய ஆர்மரர்

தம்பி, முதலில் ஒரு காரியம். காக் ஆகாமல் கூடவே போகிற துப்பாக்கியில் தோட்டா போடாதீர்கள். ரேஞ்சுக்கும் கொண்டுபோக வேண்டாம். சரி செய்யும் வரை அது அலமாரியில் இருக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த டிம்னி பொருந்தாது. பட்டியலில் 'என்ஃபீல்டு' என்று பொதுவாகப் போட்டிருப்பது பெரும்பாலும் பி-14, எம்-1917 ரைபிள்களுக்கு உரியது. பெயரில்தான் என்ஃபீல்டு, உடம்பு (குழலும் போல்ட்டும் பொருந்தும் இரும்புப் பகுதி) மௌசர் வகை. உங்களுடையது லீ-என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3-இன் உடம்பை வைத்து இஷாப்பூரில் செய்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்கள் கையில் போகக்கூடாது என்று இருந்ததால், அதே உடம்பில் 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்குக் குழல் போட்டு .315 என்று விற்றார்கள். உள்ளே டிரிக்கர் வேலை எல்லாம் பழைய சிப்பாய்த் துப்பாக்கிதான்.

கீவளூர் தம்பி சொன்ன ரெமிங்டனில் டிரிக்கர், சியர் (சுடும் வரை பிடித்து வைக்கும் கொக்கி), ஸ்பிரிங் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடக்கம். பெட்டியைக் கழற்றிப் பெட்டியை மாட்டலாம். லீ-என்ஃபீல்டில் பெட்டியே கிடையாது. சியர் உடம்பில் தொங்குகிறது. டிரிக்கர் கீழே இருக்கும் கார்டில் (டிரிக்கரைச் சுற்றி இருக்கும் இரும்பு வளையம்) ஒரு பின்னில் தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவே மரம். புரிகிறதா? மரம் ஊதினால் கார்டு கீழே தள்ளும், டிரிக்கர் சியரை விட்டு விலகும். மரம் சுருங்கி, நீங்களும் ஸ்குரூவை இறுக்கினால் கார்டு மேலே ஏறும், டிரிக்கர் சியரை எந்நேரமும் அழுத்திக்கொண்டே நிற்கும்.

டிரிக்கரின் தலையில் இரண்டு மேடு உண்டு. முதல் மேடு சியரைத் தொட்டுக் கொஞ்சம் இறக்கும், அதுதான் முதல் இழுப்பு. அப்புறம் இரண்டாவது மேடு வந்து முட்டும், விரலில் ஒரு தடை தெரியும், அதைத் தாண்டினால் விடும். மழையில் உங்களுக்கு இரண்டாவது மேடு வேலைக்கே வருவதில்லை, முதல் மேட்டிலேயே எல்லாம் நடந்துவிடுகிறது. அதனால்தான் நீண்டுகொண்டே போகிறது. கோடையில் முதல் மேட்டின் வேலை விரல் வைக்கும் முன்பே முடிந்திருக்கிறது. சியர் பாதி இறங்கிய நிலையில் காக்கிங் பீஸைப் பிடிக்கப் பார்க்கிறது, பிடி போதவில்லை, வழுக்குகிறது. மூடும்போதே கூடப் போவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இது பிரிட்டிஷ்காரனுக்கும் தெரிந்த குறைதான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்த நம்பர் 4 மார்க் 2-இல் டிரிக்கரைக் கார்டிலிருந்து எடுத்து உடம்பிலேயே தொங்கவிட்டார்கள். உங்கள் .315 அதற்கு முந்தைய வம்சம்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கார்டின் முன் ஸ்குரூவை அடிக்கடி இறுக்குகிறீர்களா? இரண்டு, மேகசின் தானாகத் தளர்கிறதா?

குடவாசல்காரன்

ஐயா, நேரில் பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். முன் ஸ்குரூ கோடைதோறும் தளர்ந்துபோகிறது, நானும் இறுக்கிக்கொண்டே இருக்கிறேன். இறுக்க இறுக்க உள்ளே போகிறது, ஒரு இடத்தில் முட்டி நிற்பதே இல்லை. மேகசின் நன்றாகத்தான் பிடிக்கிறது. ஏன் மேகசினைக் கேட்டீர்கள்?

பழைய ஆர்மரர்

அந்த ரைபிளில் சியரைத் தள்ளுவதும் மேகசின் கொக்கியைத் தள்ளுவதும் ஒரே மடிப்பு ஸ்பிரிங். அது சோர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து சோரும். மேகசின் இறுக்கமாகப் பிடிக்கிறது என்றால் ஸ்பிரிங் மீது சந்தேகம் குறைகிறது.

முன் ஸ்குரூ முட்டி நிற்கவில்லை என்றீர்களே, அங்கேதான் திருடன் இருக்கிறான். அந்த ஸ்குரூ ஓட்டைக்குள் மரத்தின் நடுவில் ஒரு சின்ன இரும்புக் குழாய் இருக்க வேண்டும். காலர் என்போம். கார்டுக்கும் உடம்புக்கும் நடுவே அது தூண் மாதிரி நிற்கும். ஸ்குரூவை எவ்வளவு இறுக்கினாலும் காலர் உயரத்தோடு நிற்கும், மரம் ஊதினாலும் சுருங்கினாலும் இடைவெளி பெரிதாக மாறாது. கட்டையை இழைத்தபோது அது கீழே விழுந்திருக்கும். ஆசாரிக்கு அது ஏதோ பழைய குழாய்த் துண்டு, தூக்கிப் போட்டிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, கதவு ஜன்னல் செய்கிறவருக்கு இது எப்படித் தெரியும்.

நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள். இணையத்தில் அரம் வைத்து டிரிக்கர் மேட்டை ராவுவதைக் காட்டுகிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். சியரின் விளிம்பு மேல்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட இரும்பு. ஒரு தடவை கூடுதலாக ராவினால் உள்ளே இருப்பது மெத்து. கொஞ்ச நாள் அருமையாக இருக்கும், அப்புறம் தானாக விடும்.

லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் கொண்டுபோய், 'முன் கார்டு ஸ்குரூவின் காலரைப் பாருங்கள், கட்டை உட்காரும் இடத்தைப் பாருங்கள்' என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். 'டிரிக்கர் ஹார்டாக இருக்கிறது, லூஸ் பண்ணுங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் ராவித்தான் கொடுப்பார்கள்.

கீவளூர் மாப்பிள்ளை

ஐயா, அப்படியானால் என் ஒன்றரை பவுண்டு?

பழைய ஆர்மரர்

ஒன்றரை பவுண்டு மேசையில் சாய்ந்து சுடுகிற துப்பாக்கிக்குச் சரி. தோளில் மாட்டிக் காட்டில் நடக்கிறவன் இரண்டரையிலிருந்து நாலு பவுண்டுக்குள் வைத்துக்கொள்வதுதான் புத்தி. குளிரில் மரத்துப்போன விரலுக்கு ஒன்றரை பவுண்டு தெரியவே தெரியாது. உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள், ரைபிள் எந்த ஆண்டுது என்று. 2014-இல் ரெமிங்டன் கம்பெனியே 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த 700 மாடல் ரைபிள்களில் எக்ஸ்-மார்க் புரோ டிரிக்கர் உள்ளதைத் திருப்பி வாங்கிச் சரி செய்தது. உள்ளே பசை கூடுதலாக ஒட்டியிருந்தால் தானாகச் சுடக்கூடும் என்பது காரணம். கம்பெனியிலிருந்து வந்த டிரிக்கர் என்பதாலேயே நல்லது என்று இல்லை, வெளியே வாங்கியது என்பதாலேயே கெட்டதும் இல்லை. புதிதாக ரைபிள் வாங்குகிறவருக்கு என் யோசனை வேறு: டிக்கா டி3எக்ஸ், அக்யூட்ரிகர் டிரிக்கர் உள்ள சாவேஜ் மாதிரி வரும்போதே எடையைத் திருத்தும் வசதியோடு வருவதை வாங்கிவிட்டால் மாற்று டிரிக்கர் தேடுகிற வேலையே இல்லை.

குடவாசல்காரன்

எனக்கு எத்தனை பவுண்டு சரி என்று சொல்லவில்லையே ஐயா. இரட்டைக் கட்டம் பிடிக்கவில்லை என்று ரேஞ்சில் பல பேர் சொல்கிறார்கள்.

பழைய ஆர்மரர்

இந்த ரைபிளுக்கு ராணுவக் கணக்கு: முதல் இழுப்பு 3 முதல் 4 பவுண்டு, இரண்டாவது 5 முதல் 6½. கிலோவில் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்ஸ்மித்தை ஸ்பிரிங் தராசின் கொக்கியை டிரிக்கர் நடுவில் மாட்டி, உங்கள் கண் முன்னால் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்துக்குக் கீழே இறக்கச் சொல்லாதீர்கள்.

இரட்டைக் கட்டம் பிடிக்கவில்லை என்கிறவர்கள் நல்ல இரட்டைக் கட்டத்தில் சுட்டதில்லை என்பது என் அபிப்பிராயம். முதல் இழுப்பில் மூச்சை விட்டு, தடை தெரிந்ததும் நிறுத்தி, குறி பார்த்து, அப்புறம் விடலாம். எனக்கு ஒற்றைக் கட்டத்தில் இந்த அவகாசம் கிடைப்பதில்லை. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கோர்ட்டு வாசல்

சண்டைக்கு வரவில்லை, ஒரு எச்சரிக்கை மட்டும். வயலில் பன்றி வருகிறது, ரைபிள் சரியானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். 1972 வன உயிரினச் சட்டம் வந்த பிறகு 'வேட்டைத் துப்பாக்கி' என்ற உங்கள் தாத்தா காலத்துப் பெயர் பெயரோடு சரி. கோடியக்கரைச் சரணாலயப் பக்கம் அந்தத் துப்பாக்கியோடு போவதைக்கூட யோசிக்க வேண்டாம்.

குடவாசல்காரன்

எல்லோருக்கும் நன்றி. திருச்சியில் ஒரு கன்ஸ்மித்திடம் காட்டினேன். ஐயா சொன்னது சரி, காலர் இல்லவே இல்லை. அந்த ஓட்டையில் யாரோ ஒரு வாஷரைப் போட்டிருந்தார்கள், அது மரத்துக்குள் பாதி புதைந்து கிடந்தது. கட்டையின் பின்பக்கம், சுடும்போது உடம்பு உதைக்கிற இரண்டு இடத்திலும் மரம் நசுங்கியிருந்ததாம். அங்கே கெட்டி மரத்துண்டு பதித்து, காலரை அளவாகக் கடைந்து போட்டுக் கொடுத்தார். டிரிக்கரிலும் சியரிலும் கை வைக்கவில்லை. தராசில் முதல் இழுப்பு மூன்றரை, இரண்டாவது ஆறு. முன் ஸ்குரூ இப்போது 'டக்' என்று நிற்கிறது. காலி ரைபிளில் போல்ட்டை ஓங்கி அடித்து மூடியும், பின்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டியும், சேஃப்டியைப் போட்டு டிரிக்கரை இழுத்து, விட்டு, பிறகு சேஃப்டியை எடுத்தும் காட்டினார். ஒரு தடவையும் விடவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கட்டை மறுபடி ஊறாமல் இருக்க என்ன தடவுவது? அப்பா தேங்காய் எண்ணெய் தடவுவார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் வேறு ஒப்படைக்க வேண்டும், அங்கே எப்படி வைப்பார்கள் என்று நம் கையில் இல்லை.

பழைய ஆர்மரர்

தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காய்ந்து மரத்தில் படியாது, பிசுபிசுப்போடு நிற்கும். ஆளிவிதை எண்ணெய், சமைக்காத பச்சை எண்ணெய், துணியில் நாலு சொட்டு விட்டு உள்ளங்கைச் சூடு வரும் வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கட்டையின் உள்பக்கம், குறிப்பாக ஆசாரி இழைத்த வெறும் மரத்துக்கு, அடுத்த முறை கன்ஸ்மித் திறக்கும்போது தடவச் சொல்லுங்கள். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே காற்றோட்டத்தில் விரித்துக் காயவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

ஒப்படைக்கும்போது தோல் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்புக்கு மெல்லிய எண்ணெய் பூசி, பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். திரும்ப வாங்கியதும் நேராக ரேஞ்சுக்குப் போகாமல், காலித் துப்பாக்கியில் அந்த மூன்று சோதனையையும் செய்து பாருங்கள். முன் ஸ்குரூ அதே இடத்தில் நிற்கிறதா என்பதையும்.

கீவளூர் மாப்பிள்ளை

மச்சானிடம் கேட்டேன். அவனுடையது 2011. சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்கு எழுதுகிறேன் என்றான்.

பழைய ஆர்மரர்

எழுதட்டும். பழைய டிரிக்கரை ஏற்கெனவே மாற்றிவிட்டான் என்றாலும், கழற்றியதை யாருக்கும் விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.