பழைய சிடி டெக் ஜோடி: 800 எம்கே2 எடுக்கவா, 350 எடுக்கவா?

திண்டுக்கல் குத்து

அண்ணன்மாரே, ஒரு யோசனை சொல்லுங்க. மாமாவோட சவுண்ட் சர்வீஸ்ல மூணு வருஷமா லேப்டாப்பும், அதைக் கையால இயக்குற கன்ட்ரோலர் பெட்டியும் வச்சு ரிசப்ஷனுக்குப் பாட்டு போடுறேன். போன வைகாசி முகூர்த்தத்துல, பொண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறுற நேரம் பார்த்து லேப்டாப் அப்படியே நின்னுபோச்சு. மூணு நிமிஷம் மண்டபமே திரும்பி என்னைப் பார்த்துச்சு. மாமா அன்னைக்கு ராத்திரி ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல.

லேப்டாப்பை நம்பாம தானே பாட்டு ஓட்டுற சிடி டெக் ரெண்டு வாங்கணும்னு முடிவு பண்ணிட்டேன். பயனியர் கம்பெனியோடதுல ரெண்டு ஜோடி விலைக்கு வந்திருக்கு. சிடிஜே-800 எம்கே2 ஜோடி 52 ஆயிரம், சிடிஜே-350 ஜோடி 60 ஆயிரம். 800-ல மேல கையால திருப்புற வட்டு பெருசு, கை வச்சா இசைத்தட்டைத் தொடுற மாதிரியே இருக்கு, மனசு அங்கதான் போகுது. மாமாகிட்ட 400 சிடி வேற கிடக்கு. மிக்சர் இருக்கு. எதை எடுக்க?

சேலம் பாஸ்

இந்தக் காலத்துல சிடியா ப்ரோ? 2020-ல வந்த சிடிஜே-3000-ல சிடி போடுற வாயே கிடையாது. பேர்ல மட்டும்தான் சிடி.

பழைய ரிசப்ஷன்காரன்

சேலம் தம்பி, அந்த 3000 மாடலை வாங்குற காசு இருந்தா அவரு இங்க வந்து ஏன் கேக்கப்போறாரு?

திண்டுக்கல் தம்பி, நான் சிடிஜே-100எஸ் ரெண்டு வச்சுத் தொழில் கத்துக்கிட்டவன். அதுல வட்டைத் திருப்பினா பாட்டு கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். 2001-ல சிடிஜே-1000 வந்த பிறகுதான் இசைத்தட்டு மாதிரி முன்னும் பின்னும் தேய்க்க, அதான் ஸ்கிராட்ச் பண்ண, முடிஞ்சது. அதனால உன் ஆசை எனக்குப் புரியுது. ஆனா 800 எம்கே2 2006 மாடல், யுஎஸ்பி கிடையாது. எம்பி3 படிக்கும், அதையும் சிடியில எரிச்சுத்தான் கொடுக்கணும். மாப்பிள்ளையோட கூட்டாளிங்க நேத்து வந்த பாட்டைக் கேட்பானுங்க. நீ பந்தி நடக்குறப்ப ஓரமா உக்காந்து சிடி எரிச்சிட்டு இருப்பியா?

350 அதுக்கு நாலு வருஷம் பிந்தினது. சிடியும் வாங்கிக்கும், பென்டிரைவும் வாங்கிக்கும். பென்டிரைவை ஃபேட்32-ங்கிற முறையில ஃபார்மேட் பண்ணிக்கோ. வட்டு சின்னதுதான், தேய்க்கிற ஆசை இருந்தா ஏமாத்திடும். நானும் இத்தனை வருஷத்துல பார்த்துட்டேன், குத்துக்கு நடுவுல எந்தப் பெரியப்பாவும் வந்து "தேய்ப்பா"ன்னு கேட்டதில்ல.

ஒண்ணே ஒண்ணு. திரையில காட்டுற பிபிஎம்மை, அதான் நிமிஷத்துக்கு எத்தனை அடிங்கிற கணக்கை, அப்படியே நம்பிடாத. இந்தக் கணக்கெல்லாம் நாலு நாலா எண்ணுறதுக்குப் பண்ணது. நம்ம டப்பாங்குத்து ஆறு எட்டுத் தாளத்துல ஓடுது. கால் 96-க்கு ஆடிட்டு இருக்கும், திரை 144னு காட்டும். ஒரு அடிக்குள்ள இருக்குற மூணு தட்டை ரெண்டு ரெண்டாப் பிரிச்சு எண்ணுறதால வர்ற கோளாறு அது. முதல்தடவை அந்த நம்பரை வச்சு அடுத்த பாட்டைக் கோத்தேன், மணப்பொண்ணோட அண்ணனுக்குக் கால் பின்னிக்கிச்சு. எண்பதுகள்ல ஆளுங்க உக்காந்து நேரடியா வாசிச்சுப் பதிவான பாட்டு இன்னொரு தலைவலி. பல்லவியில கச்சிதமாப் பொருந்தினது சரணத்துல நழுவிடும். ஹெட்போன் ஒரு காதுல, விரல் வட்டு ஓரத்துல, இப்படியே நிக்கணும். இதுக்கு 800 ஆனா என்ன, 350 ஆனா என்ன, காதுதான் வேலை பார்க்கணும்.

டெக்குக்குன்னு சின்னதா ஒரு யுபிஎஸ் வாங்கிடு. லேப்டாப்புக்குள்ள பேட்டரி இருக்கு, இதுல இல்ல. கரண்டு போய் ஜெனரேட்டர் பிடிக்கிற அந்த இடைவெளி போதும், டெக் செத்துப் பொழச்சு சிடியை மறுபடி ஆரம்பத்துல இருந்து படிக்கும். பாஸ் ஸ்பீக்கர் பெட்டி மேல டெக்கை வைக்கவே வைக்காத, அதிர்வுல சிடி தாவும். எப்படித் தெரியும்னு கேக்காத.

சால்டரிங் சித்தப்பா, கோவை

மாடலை விடுங்க, கையில எடுத்துப் பாருங்க. கடையில வாங்கின சிடியோட, வீட்டுல எரிச்ச சிடி ரெண்டும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டுலயும் ஒரே பாட்டுங்க, 80 நிமிஷமும் நிரம்பியிருக்கணும். லென்ஸ் சோர்ந்திருந்தா எரிச்ச சிடியிலதான் முதல்ல திணறும். முதல் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டுக்குத் தாவுங்க, திரும்பி வாங்க, பத்துத் தடவை.

பாட்டைக் குறிச்ச இடத்துக்குக் கொண்டு வர்ற கியூ பட்டனை மெதுவா இருபது தடவை அமுக்குங்க. பாட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டெம்போ ஸ்லைடரை மயிரிழை மயிரிழையா நகர்த்துங்க. நம்பர் குதிச்சா உள்ள தூசி, இல்ல தேய்மானம். அப்புறம் ரெண்டு டெக்கோட ஸ்லைடரையும் பூஜ்யத்துல வச்சு அதே பாட்டை ஒண்ணாத் தட்டிவிட்டு அஞ்சு நிமிஷம் கேளுங்க. குரல் ரெட்டையாக் கேட்க ஆரம்பிச்சா ஒரு ஸ்லைடர் பொய் சொல்லுது. அரை மணி நேரம் சூடாக விட்டு இதையே திரும்பப் பண்ணுங்க. சூடானாத்தான் சில நோய் தெரியும்.

பின்பக்கத் தகட்டைப் படிக்காம பிளக்கைச் சொருகாதீங்க. ஜப்பான்ல இருந்து வந்த சரக்குல 100 வோல்ட்டுன்னு இருக்கும்.

திண்டுக்கல் குத்து

போயிட்டு வந்தேன். சித்தப்பா, நீங்க தெய்வம். 800 ரெண்டோட முதுகுலயும் 100 வோல்ட்டுதான். கேட்டா "டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கலாம் தம்பி"ங்கிறாரு. அது என்ன விலை, யாரு தூக்குறதுன்னு சொல்ல மாட்டேங்கிறாரு.

350-ல லென்ஸ் சுத்தம், ஸ்லைடர் சுத்தம், அஞ்சு நிமிஷமும் ஒட்டிக்கிட்டே ஓடுச்சு. இடது டெக்ல மட்டும் கியூ இருபதுல பதினேழு தடவைதான் கேட்டுச்சு. விட்டுடவா?

சால்டரிங் சித்தப்பா, கோவை

விடாதீங்க. உள்ள இருக்குற சின்ன ஸ்விட்சுதான் போயிருக்கும், மாத்திடலாம். அதைக் காட்டி நாலாயிரம் குறைச்சுக் கேளுங்க.

பழைய ரிசப்ஷன்காரன்

கேக்குறப்ப மாமாவைக் கூட்டிட்டுப் போ. பேசாமலே நிக்கிற ஆளு, பேரத்துக்கு அப்படி ஒருத்தர் வேணும்.