பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் எந்த நாளோடு முடிகிறது? வழக்குகளில் பார்த்தவை

வழக்கறிஞர், குடும்ப நீதிமன்றம்

"பையனுக்கு அடுத்த மாசம் 18 ஆகுது, பணத்தை நிறுத்திடலாமா சார்?" இப்படிக் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது உத்தரவின் நகலைத்தான். பலரிடம் அது இருக்காது, எம்.சி. நம்பர் (ஜீவனாம்ச வழக்கின் எண்) மட்டும் ஞாபகத்தில் இருக்கும். நகல் மனு போட்டு வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

"மனைவிக்கு 5,000, மகனுக்கு 5,000, மகளுக்கு 5,000, பிள்ளைகளுக்கு மேஜர் ஆகும் வரை" என்று பிரித்து எழுதியிருந்தால் மகனின் பங்கு அவனுடைய 18-ஆவது பிறந்தநாளோடு நிற்கும். "மனுதாரர்கள் மூவருக்கும் சேர்த்து மாதம் 15,000" என்று மொத்தமாக எழுதியிருந்தால் கதை வேறு. அதில் மகன் பங்கு எவ்வளவு என்று அப்பா தானே முடிவு செய்து 10,000 கட்டினால், மாதம் 5,000 பாக்கி ஏறிக்கொண்டே போகும், கடைசியில் வாரண்ட் வரும். தொகையைக் குறைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கான பிரிவு 127. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 146. பிறப்புச் சான்றிதழ், உத்தரவு நகல், இதுவரை கட்டியதற்கான வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மனுவைப் போட்டுவிடுங்கள்.

சம்பளத்தில் நேரடியாகப் பிடிக்கிறார்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பையனுக்கு 20 வயதே ஆனாலும் நீதிமன்றத்திலிருந்து தாள் வராமல் அலுவலகம் பிடித்தத்தை நிறுத்தாது.

தேதிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1875-ஆம் ஆண்டு வயதுவந்தோர் சட்டப்படி 18-ஆவது பிறந்தநாள் தொடங்கும்போதே மேஜர். ஜூன் 12 பிறந்தநாள் என்றால் ஜூன் 11-ஓடு சரி. 5,000 ரூபாயில் 11 நாளுக்கு 1,833 ரூபாய் வருகிறது. ஆனாலும் அந்த மாதத்தை முழுசாகக் கட்டிவிடுங்கள். மிச்சமாகும் 3,167 ரூபாய்க்காக வாய்தாவுக்கு அலைவது வீண்.

பெண்கள் தரப்பில் வாதாடும் வழக்கறிஞர்

சார் சொன்னது மகனுக்குச் சரி. மகள் விஷயத்தில்தான் அதிகம் பேர் தப்பு செய்கிறார்கள், இரண்டு தரப்பிலும்.

ஜீவனாம்சம் கேட்பதற்கான பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போதைய சன்ஹிதாவில் 144. அதன் கீழ், உடல்நலத்தோடு இருக்கிற மேஜர் மகள் கேட்க முடியாது. ஆனால் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956, பிரிவு 20(3) தனி வழி. திருமணமாகாத மகள் தன் சம்பாத்தியத்திலோ சொத்திலோ வாழ முடியாத நிலையில் இருந்தால், 18 தாண்டினாலும் பெற்றோரின் கடமை தொடரும். அதே சட்டத்தின் பிரிவு 3-இல் உள்ள விளக்கப்படி, கல்யாணத்துக்கான நியாயமான செலவும் பராமரிப்பில் அடங்கும். இந்த இரண்டு வழிகளும் வேறு வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

சிக்கல் இங்கேதான். மகளுக்கு 18 ஆன பிறகும் பழைய எம்.சி. உத்தரவை வைத்தே அம்மா வசூல் மனு போடுவார். பிறந்தநாளுக்குப் பிந்தைய மாதங்களுக்கு அது தள்ளுபடியாகும், அதற்குள் ஒரு வருடம் போயிருக்கும். மகளே மனுதாரராக, 20(3)-இன் கீழ் குடும்ப நீதிமன்றத்தில் புதிதாகப் போட வேண்டும். வக்காலத்தில் (வழக்கறிஞரை நியமிக்கும் தாளில்) அவளேதான் கையெழுத்துப் போட வேண்டும், அம்மாவின் கையெழுத்து செல்லாது. கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ், கட்டண ரசீதுகள், அவள் வங்கிக் கணக்கு விவரம், சொத்து-கடன் பிரமாணப் பத்திரம் எல்லாம் மனுவோடே போகட்டும். பகுதி நேர வேலையில் கிடைக்கும் சின்னத் தொகையை மறைக்காதீர்கள். எதிர்தரப்பு அதைக் கண்டுபிடித்துக் காட்டினால் மொத்த மனு மீதும் நீதிபதிக்கு நம்பிக்கை போய்விடும். உள்ளதைச் சொல்லி, அது போதவில்லை என்று காட்டுவதுதான் வழி.

இஸ்லாமியக் குடும்பங்களுக்கு 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பிள்ளைகள் மேஜராகும் வரை அல்லது தாங்களே சம்பாதிக்கும் வரை, இதில் எது முந்தியதோ அது, பெண் பிள்ளை என்றால் திருமணம் ஆகும் வரை.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உதவும் தன்னார்வலர்

உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு 18 ஒரு எல்லையே இல்லை. மணமான மகளுக்கு மட்டும் மேலே சொன்ன 144-இன் இந்த விதி பொருந்தாது. ஆனால் 18 ஆனதும் அம்மா இயல்பான காப்பாளர் இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் சட்டக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். அது இல்லாமல் மனு போனால் "யார் சார்பில் கையெழுத்து?" என்ற கேள்வியிலேயே நின்றுவிடும். சான்று வர நாளாகும் என்பதால் தேவையான தாள்களை 17 வயதிலேயே சேர்த்து வையுங்கள்.

முதலாமவர் மீண்டும்

நன்றி மேடம். பாக்கி பற்றி உள்பெட்டியில் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை மேஜரானதால் பழைய பாக்கி அழியாது. மைனராக இருந்த மாதங்களின் தொகையை அப்புறமும் கேட்கலாம். ஆனால் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும். மாதம் 8,000 வீதம் 20 மாதம் என்றால் பாக்கி 1,60,000. முதல் மனுவை இன்றுதான் போடுகிறீர்கள் என்றால் வாரண்ட் கடைசி 12 மாதத்துக்கு, அதாவது 96,000-க்குத்தான். மீதி 64,000 இந்த வழியில் வராது. அதனால் முதல் தவணை தவறியதுமே போடுங்கள். அந்த மனு நிலுவையில் இருக்கும்போது சேரும் பாக்கியை அதிலேயே தொடர்ந்து கேட்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு. ஒரு மாதம் சிறைக்குப் போய்வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைக்கும் அப்பாக்களுக்கு: தீராது. சிறை, கட்ட வைப்பதற்கான வழி மட்டுமே. இது 1989-லேயே முடிவான விஷயம்.

பெண்கள் தரப்பில் வாதாடும் வழக்கறிஞர்

கல்லூரியில் படிக்கும் மகனைப் பற்றி ஒரு அம்மா கேட்டிருந்தார். அக்கா, சட்டப் பிரிவில் அவனுக்கு 18 தான். ஆனால் முதல் பட்டம் முடியும் வரை அப்பா உதவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் ஒரு வழக்கில் உத்தரவிட்டது. அதை எல்லா வழக்குக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே பரஸ்பர விவாகரத்து ஒப்பந்தம் எழுதும்போதே "பட்டப்படிப்பு முடியும் வரை கல்விக் கட்டணம் தந்தை செலுத்துவார்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். "மேஜர் ஆகும் வரை" என்று எழுதிவிட்டுப் பிறகு படிப்புச் செலவு கேட்டால் முதல் வாதமே அந்த வரியை வைத்துத்தான் வரும். இன்னொன்று, "இனி பிள்ளைக்காக எதுவும் கேட்க மாட்டேன்" என்று அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது மைனர் பிள்ளையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது. அந்தத் தாளுக்குப் பயந்து சும்மா இருக்காதீர்கள்.